பக்கத்துக்கு ஒன்பது கட்டம்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் டீச்சரம்மாவும் சுகம்தானே? அவள் தொண்டைக்கட்டு விட்டதா? நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திக் கணக்குச் சொன்னால் எந்தத் தொண்டைதான் தாங்கும்? எனக்கு முதுகைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இதனுடன் நம் படக்கதை பூனைக்காலனின் அறுநூற்று அறுபத்து நாலாவது வாரத்து ஸ்கிரிப்ட், நான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தை முழுக்க ஒரே கட்டமாக உனக்கு விட்டுவிட்டேன். நடுப்பகல், நகரத்தின் அத்தனை கூரைகளும் தெரிய வேண்டும், அவற்றின்மேல் அவன் ஓட வேண்டும், கீழே சந்தைக் கூட்டம். உனக்குப் பிடித்த தீனி. ஸ்கேல் வைக்காமல் ஊரையே வரைகிறவன் என்று பத்திரிகை அலுவலகத்தில் இன்னும் உன்னைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு சேதி. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் மூன்றாவது நிமிஷமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. ஸ்கிரிப்ட் எப்படியும் கூரியரில் வருகிறது, கடிதமும் அதோடு ஏறிக்கொள்ளட்டும். நவம்பரில் எழுநூறாவது வாரம் வருகிறது. அதோடு பூனைக்காலனை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த வருஷங்களை வைத்து இருநூறு பக்கத்துக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா? ஒரு பதிப்பகம் எடுத்துக்கொள்கிறது. ஒரு வருஷ அவகாசம். படம் யார் என்பதை அவர்கள் இன்னும் சொல்லவில்லை. நீதான் வரைய வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

வாரம் நாலு பக்கம், பதின்மூன்று வருஷம். எழுதி முடித்த மறு நிமிஷமே அடுத்த வாரம் வந்து வாசலில் நிற்கிறது. நமக்கும் வயசாகிறது, தம்பி.

வேளைக்குச் சாப்பிடு. பதிலை நீளமாக எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். டீச்சரம்மாவின் தொண்டை திறந்துகொண்டது, அதனால் எனக்குத்தான் கஷ்டம். உன் முதுகுக்கு அந்த நாற்காலியை மாற்று என்று எத்தனை முறை சொல்வது?

புத்தகச் சேதி கேட்டு ரொம்ப சந்தோஷம். அம்மா உயிரோடு இருந்திருந்தால், “என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

எழுநூறில் முடிப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

கூரைப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உண்மையைச் சொன்னால், கூட்டம் வரைந்து வரைந்து அலுத்துவிட்டது. அவன் எத்தனை வருஷமாகத்தான் கூரைமேலேயே ஓடுவான்? எங்கேயாவது உள்ளே கொண்டு போயேன். ஒரு அறை, நாலு சுவர், ஓர் ஆள். பெரிய கட்டம் வேண்டாம். பக்கத்துக்கு ஒன்பது கட்டம், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு கை, ஒரு பூட்டு. பழைய பாணியை உடைத்துப் பார்க்கலாம் என்று ஆசை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். நாற்காலி மாற்றியாகிவிட்டது, முதுகுதான் மாறவில்லை.

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். துரத்திக்கொண்டு போகும்போது பழைய சாமான் கிடங்கின் கண்ணாடிக் கூரை உடைந்து பூனைக்காலன் உள்ளே விழுகிறான். கூரை முப்பதடி உயரம், ஏணி இல்லை. கதவு வெளியே பூட்டியிருக்கிறது.

எழுதும்போது உன்னை நன்றாகத் திட்டினேன். ஒன்பது கட்டம் என்பது லேசுப்பட்ட வேலையா? கூரைமேல் ஓடினால் ஒரே கட்டத்தில் அரைக் கதை நகர்ந்துவிடும். இங்கே அவன் திரும்புவதற்கு ஒரு கட்டம், கதவைப் பார்ப்பதற்கு ஒரு கட்டம், கையை நீட்டுவதற்கு ஒன்று. பலூனில் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் வைத்தால் அவன் மூக்கை மறைக்கிறது. பேசுவதற்கும் அவனுக்கு ஆள் இல்லை. ஒரு பக்கம் எழுதுவதற்கு இரண்டு நாள் ஆகிறது.

ஆசிரியர் படித்துவிட்டு, “என்ன ரைட்டரம்மா, நம்ம ஆளை உள்ள தள்ளிட்டீங்க? எத்தனை வாரம்?” என்றார். மூணு வாரத்தில் வெளியே வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். எப்படி வருவான் என்று இன்னும் எனக்கே தெரியாது. ரகசியக் கதவு, சுரங்கப்பாதை எல்லாம் கிடையாது. வழியில்லாத இடத்தில் வழி வைத்து வாசகனை ஏமாற்ற மாட்டேன்.

டீச்சரம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தோளில் கொஞ்சம் அடி. குளியலறைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன். வாடகை வீட்டில் கதவுகளெல்லாம் குறுகல்.

கிடங்கு அருமை. இப்படியே போ. அவசரப்பட்டு அவனை வெளியே எடுத்துவிடாதே.

ஒரு சின்ன உதவி. ஸ்கிரிப்டையும் கடிதத்தையும் அகலத் தாளில் எழுதாமல் பாதியாகக் கிழித்து ஒடுக்கத் தாளில் எழுதுகிறாயா? மேசையில் இடம் போதவில்லை.

டீச்சரம்மா உன்னைக் கேட்டாள்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

தோள் எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவி உருவிவிடச் சொல், டாக்டர் டாக்டராக அலையாதே. நான் சுகம். தாள் கிழித்தாயிற்று பார். மருந்துச் சீட்டு எழுதுவது மாதிரி இருக்கிறது.

மூணு வாரம் என்று சொன்னது பத்து வாரமாகிவிட்டது. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். சிரிக்காதே, வாசகர் கடிதம் மூட்டையாக வருகிறது. ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: “படிக்கறப்போ மூச்சு முட்டுது. ஆனா வியாழக்கிழமை எப்போ வரும்னு காத்திருக்கேன்.” கடைகளில் ஒரு பிரதிகூட மிச்சமில்லையாம். ஆசிரியர் என் மேசைக்கே வந்து, “அவனை வெளியே விட்டீங்கன்னா நான் உங்களை உள்ள வச்சுப் பூட்டிடுவேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லட்டுமா? காலையில் அலுவலகம், சாயங்காலம் வரை மற்றவர்களின் பக்கங்களுக்குப் பிழை திருத்தம். பிறகு இந்த மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அங்கே உட்கார்ந்துகொண்டு அந்தக் கிடங்குக்குள் போகிறேன். அவன் மூட்டையை அடுக்கி ஏறிப் பார்த்தான், சரிந்தது. பூட்டை உடைத்தான், அதற்கு வெளியே தாழ்ப்பாள். கத்திப் பார்த்தான். இனி என்ன செய்வான்? நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஓட்டை எங்கே, ஓட்டை எங்கே?” என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் எலி பிடிக்கிறேனோ என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

பதிப்பகத்தில் புத்தகத்தின் முதல் ஐம்பது பக்கத்தைக் கேட்கிறார்கள். ஒன்றுகூட எழுதவில்லை. எழுநூறு வரட்டும், எழுதிவிடுவேன்.

நீயும் இப்போதெல்லாம் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. என்னடா ஆச்சு?

அக்கா


ஜூன் 4

அன்பு அக்காவுக்கு,

நலம். தோள் சரியாகிவிட்டது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் கேள். எழுநூறில் முடிக்காதே. ஒரு வருஷம் தள்ளிப் போடு. புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது. அம்மா கதை அம்மா கதைதான், அதை வேறு யாரும் எழுதிவிட முடியாது. பூனைக்காலன் போனால் எனக்கு வேறு வேலை அமைவது கஷ்டம். இப்போது எல்லோரும் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். நான் இந்த வயதில் எங்கே போய்ப் புதிதாக நிற்பது?

இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 10

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். உனக்கு வேலை கிடைக்காதா? எந்தப் பத்திரிகைக்குப் போனாலும் உன் கூரைகளைக் காட்டினால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். உனக்கு உழைக்க உடம்பு வணங்கவில்லை, அதைச் சொல்லிவிட்டுப் போ. கூட்டம் வேண்டாம், தெரு வேண்டாம், மரம் வேண்டாம், ஒரு முகம் போதும் என்கிறாய். நான் என்ன எழுதலாம் என்பதையே உன் சோம்பேறித்தனம்தான் முடிவு செய்கிறது. படம் வரைகிறவனின் கையை அளந்துதான் கதை எழுத வேண்டும், அது எங்கள் தொழிலின் தலையெழுத்து. ஆனால் நீயே கையை மடக்கி வைத்துக்கொண்டால் நான் யாரிடம் போய் அழுவது?

சரி. கொட்டிவிட்டேன்.

ஒரு வருஷம் தள்ளிப் போடுகிறேன். புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைப் பற்றி இனி கேட்காதே.

அக்கா


ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

நலமா? போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் எழுதி, கோபம் ஆறுவதற்குள் கூரியர்காரன் கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இந்த வாரத்துப் பக்கங்கள் நேற்று வந்தன. மூன்றாவது பக்கத்தில் வலது வரிசை மூன்று கட்டத்துக்கும் ஓரக்கோடு இல்லை. நடுக் கட்டத்தில் பூனைக்காலனின் முகம் பாதிதான் இருக்கிறது. மூக்கோடு தாள் முடிந்துவிடுகிறது. வெட்டி எடுத்தது மாதிரி இல்லை. கோடுகள் நிற்காமல் தாளின் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கின்றன.

ஆசிரியர் துள்ளிக் குதித்தார். “முகத்தைப் பாதியில விட்டுட்டான் பாருங்க! சுவத்துக்குள்ளயே போயிட்ட மாதிரி இருக்கு! என்ன மூளைய்யா இவனுக்கு!” என்று எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். அடுத்த வாரம் அப்படியே அச்சாகப் போகிறது.

நான் அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வரைவதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், பலகையில் கரித்துண்டால் வரைந்த நாளிலிருந்து. நீ இப்படி வித்தை காட்டுகிறவன் இல்லை.

தம்பி, அந்த முகத்தின் மறுபாதி எங்கே?

அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவர் அழைப்பது போலவே அக்கா என்று எழுதிப் பழகிவிட்டது. நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுதிக் கிழித்ததையும் சேர்த்தால் ஆறாவது.

மறுபாதி முகம் எங்கள் மேசைமேல் இருக்கிறது. நான் இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன், அந்த மை போகவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம். போன வருஷக் கடைசியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் வந்த சைக்கிளைப் பார்க்காமல் விழுந்தார். அப்போதுதான் டாக்டரிடம் போனோம். ஓரப் பார்வை இரண்டு கண்ணிலும் போய்விட்டது. நேராகப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்கு நன்றாகத் தெரிகிறது, அதைச் சுற்றி ஒன்றுமில்லை. போனது திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஒன்பது கட்டம் ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். ஒரு கட்டம் அவர் பார்வைக்குள் அடங்கும்.

கட்டங்களைக் கோடு போட்டுக் கொடுத்தது நான். கறுப்பு நிரப்பியதும் நான். அந்த வாரம் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தேன். அவரே ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்கிறார். தாள் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அக்காகிட்ட சொல்லிடுங்க”ன்னு நான் சொல்லாத நாள் இல்லை. “சொன்னா அது புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு எனக்காக எழுதும்”னு சொன்னார்.

“நிறுத்தாதேன்னு கெஞ்சி மட்டும் எழுதினீங்களே?”

“கெஞ்சறது வேற. கெஞ்சினா அது முடியாதுன்னு சொல்லலாம். கண்ணு போச்சுன்னு சொன்னா எப்படிச் சொல்லும்?”

நீங்கள் சோம்பேறி என்று எழுதிய கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். மற்றதை அவரே படித்துக்கொள்வார். அன்றைக்குக் கண் ரொம்ப எரிந்தது. படித்து முடித்ததும், “பரவாயில்ல, கண்டுபிடிக்கல”ன்னு சொன்னார். அவருக்கு நிம்மதி. எனக்கு உங்கள்மேல் கோபம், அவர்மேலும் கோபம். இரண்டு பேருக்கும் நடுவே நான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுதியது அவருக்குத் தெரியும். “அனுப்பு”ன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதுகு வலியோடு தரையில் உட்கார்ந்து எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
தம்பி மனைவி


ஆகஸ்ட் 30

என் தம்பிக்கு,

சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறாயா? எத்தனை வேளை? டீச்சரம்மா என்னைத் திட்டியது சரி. இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

சோம்பேறி என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை போதவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஆனால் கோபமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். நான் முடியாது என்று சொல்லலாம் என்பதற்காகவா மறைத்தாய்? நீ கெஞ்சியபோதே நான் முடியாது என்று சொல்லவில்லையே. உன் ஜூன் கடிதம் வந்த நாலாம் நாளே பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன், புத்தகம் எழுத இயலாது என்று. ஒரு வருஷம் காத்திருக்கிற ஆட்கள் இல்லை அவர்கள். அதை உனக்குச் சொன்னால் குற்ற உணர்ச்சியில் நீ நிறுத்தச் சொல்வாய் என்று நானும் மறைத்தேன். இப்போது மறுபடி எழுதிக் கேட்டேன். அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று மரியாதையாக நாலு வரி வந்தது.

ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். உன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார். பிறகு, “எழுநூறோட ரெண்டு பேரும் நிறுத்திக்கங்க, ரைட்டரம்மா. ஆனா பூனைக்காலன் நிக்க மாட்டான். அவன் கம்பெனி ஆளு. வேற எழுதறவங்க, வேற வரையறவங்க பார்த்துக்குவாங்க” என்றார். பதின்மூன்று வருஷம் நாம் வளர்த்ததை ஒரு வாக்கியத்தில் இடுப்பிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். இருக்கிறது, பார்த்தேன்.

நம் எழுநூறைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு மாதமாக அந்தக் கிடங்கில் வழி தேடுகிறேன். இல்லை. நான் வைக்கவில்லை, அதனால் இல்லை. அதனால் அவனை வெளியே எடுக்கப் போவதில்லை. முதல் இரண்டு பக்கம் உள்ளே, ஒன்பது ஒன்பது கட்டம், டீச்சரம்மா கோடு போட, நீ வரை. கடைசி இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே கட்டம்:

‘நடுப்பகல். கிடங்குக்கு வெளியே நகரம். கூரைகள், தொட்டிகள், காயும் துணிகள், தெருக்கள், ஆட்கள். எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். இந்தப் படத்தில் பூனைக்காலன் இல்லை. அவன் உள்ளே இருக்கிறான்.’

இதைப் பத்திரிகை வாங்குகிற ஆறாயிரம் பேருக்காக நான் எழுதவில்லை. ஸ்கிரிப்டில் கட்டத்துக்கு நான் எழுதுகிற விவரத்தை எந்த வாசகனும் பார்ப்பதில்லை. பதின்மூன்று வருஷமாக அதைப் படிக்கிறவன் நீ ஒருவன்தான். முடியாது என்றால் முடியாது என்று எழுது. புது ஆளை வைத்து வரைய ஆசிரியர் தயாராக இருக்கிறார். இந்த முறை நீ என்னிடம் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கா


அக்டோபர் 25

அன்பு அக்காவுக்கு,

நலம். மூன்று வேளை சொட்டு, கடிகாரத்தில் மணி வைத்து டீச்சரம்மா ஊற்றுகிறாள். நீ ஏன் அவள் பேச்சைக் கேட்பதில்லை? கீழே உட்காராதே.

புத்தகத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. நீ மன்னிப்பை விட்டுவிட்டாய், நானும் விட்டுவிடுகிறேன். ஆனால் அது என் நெஞ்சில் இருக்கிறது, எங்கேயும் போகாது.

பெரிய படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஏழு வாரம் ஆயிற்று. டீச்சரம்மா தாளில் மெல்லிய நீலக் கோட்டில் நாற்பத்தெட்டு சதுரம் போட்டுக் கொடுத்தாள். நாளைக்கு ஒரு சதுரம். ஒரு சதுரத்தில் பேனா இருக்கும்போது பக்கத்துச் சதுரம் எனக்கு இல்லை. தலையைத் திருப்பினால் அது வரும், இது போய்விடும். ஒரு தெருவை இந்தச் சதுரத்தில் முடித்துவிட்டு, அடுத்ததில் அது எங்கே விட்டது என்று ஞாபகத்தில் பிடித்துத் தொடர்வேன். சில நாள் பிடி கிடைத்தது. சில நாள், கிடைத்த மாதிரி நினைத்துக்கொண்டேன். நானாகக் கேட்காமல் எதையும் சொல்லாதே, திருத்தாதே என்று டீச்சரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நீ அவன் இல்லை என்று எழுதியிருந்தாய். பதின்மூன்று வருஷத்தில் உன் ஸ்கிரிப்டை நான் மீறியதில்லை. இந்தத் தடவை மீறிவிட்டேன். அவனை உள்ளே விட்டுவிட்டு வர எனக்கு மனசு கேட்கவில்லை. எப்படி வந்தான் என்று என்னைக் கேட்காதே, நான் வரைகிறவன். ஏதோ ஒரு கூரைமேல் சின்னதாக வைத்திருக்கிறேன். எந்த வாரம், எந்தச் சதுரம் என்று நினைவில்லை. போன வாரம் தேடினேன், அகப்படவில்லை. டீச்சரம்மா பக்கத்தில் நின்று சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சிரிக்கிறாள். “என்ன?” என்றால், “நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்க” என்கிறாள்.

நான் இந்தப் படத்தை முழுசாகப் பார்க்கவில்லை, அக்கா. சுவரில் மாட்டி எட்டத் தள்ளி நின்று பார்த்தேன். தூரம் போகப் போகப் படம் சின்னதாகிப் பார்வைக்குள் வந்தது, ஆனால் கோடெல்லாம் கரைந்துவிட்டது. நீ பார்த்து எழுது. உள்ளதை உள்ளபடி எழுது. சமாதானம் சொல்லாதே.

தம்பி


நவம்பர் 7

அன்புத் தம்பிக்கு,

நலம். நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், டீச்சரம்மாவிடம் சொல்லிவிடு.

நேற்று எழுநூறு வெளியே வந்துவிட்டது. இன்றைக்கு எழுநூற்று ஒன்று என் மேசைக்கு வந்தது, பிழை திருத்தத்துக்கு. எழுதியவர் யாரோ, வரைந்த பெண் நன்றாக வரைகிறாள். பூனைக்காலன் கிடங்கிலிருந்து தப்பிவிட்டானாம். எப்படி என்று ஒரு வரிகூட இல்லை. நாலு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, போட்டுக் கொடுத்தேன். என் வேலை அதுதான், நாளைக்கும் அதுதான். அம்மாவின் புத்தகத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். எழுதாமல் தேட முடியாது, எழுத உட்கார்ந்தால் எதிர்ச்சுவரைத்தான் பார்க்கிறேன். உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

படத்துக்கு வருகிறேன்.

அது வந்த அன்றே ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் விரித்துப் பார்த்தேன். முதலில் இடப்பக்கம். மேலே ஆறு கூரைகள், ஓடு ஓடாகத் தெரிகிறது. ஒரு மாடியில் ஒருத்தி துணி பிழிகிறாள், அவள் மணிக்கட்டு நரம்புகூட இருக்கிறது. அவளுக்குக் கீழே ஒரு தெரு ஆரம்பிக்கிறது. மூன்று சதுரம் நேராகப் போகிறது. நாலாவதில் அது ஒரு வீட்டின் வயிற்றில் போய் முட்டி நின்றுவிடுகிறது. அடுத்த சதுரத்தில் வேறொரு தெரு, இரண்டு விரற்கடை கீழே இறங்கி, எங்கிருந்தோ வருகிறது. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி பாதி வரை உருண்டை, மீதி சதுரம். சந்தையில் ஒருவனுக்குத் தலை ஒரு கடையிலும் கால் அடுத்த கடையிலும் இருக்கிறது. வலப்பக்க மேல்மூலையில் வெயில் கிழக்கிலிருந்து விழுகிறது, கீழே மேற்கிலிருந்து. ஒரு மாடிப்படி ஏறி ஏறி எந்த வீட்டுக்கும் போகாமல் முடிகிறது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இந்த ஊரில் ஒருவன் வீடு போய்ச் சேருவது கஷ்டம்.

ஆனால் சின்னச் சின்னதாகப் பார்த்தால், இப்படி நீ எந்தக் காலத்திலும் வரைந்ததில்லை. ஸ்கேல் வைக்காமல் ஊரையே வரைந்த நாளில்கூட உன் ஜன்னல்களுக்குள் ஆள் இருந்ததில்லை. இதில் ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் யாரோ இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எதையோ கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மண்டியிட்டு, உள்ளங்கையைக் குழாய் மாதிரி மடக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டையும் நீ பார்த்த மாதிரியே பார்த்தேன். முதுகு போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அவனைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது வரிசையில், புகைபோக்கி வைத்த கூரைமேல், இடப்பக்கமாக ஓடுகிறான். நன்றாக இருக்கிறான்.

பிறகு ஐந்தாவது வரிசையில் இன்னொருவன் இருக்கிறான், தம்பி. அதே உடுப்பு, அதே கால். ஒரு தட்டையான மாடியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறான். ஒருவனை வைத்ததை மறந்து நீ இன்னொருவனை வைத்திருக்கிறாய். டீச்சரம்மா சிரித்தது இதற்குத்தான்.

ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, “ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படிம்மா? ஒண்ணை வெள்ளை வச்சு அடிச்சிடுங்க” என்று தூரிகையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“ஸ்கிரிப்ட்ல ஒருத்தன்கூட இல்ல சார்” என்றேன்.

“அப்போ ரெண்டையும் அடிச்சிடுங்க.”

நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு பேரும் அச்சாகியிருக்கிறார்கள். பிரதி தனியே வருகிறது. டீச்சரம்மா உன் விரலைப் பிடித்து ஒவ்வொருவன்மேலும் வைத்துக் காட்டட்டும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஸ்கிரிப்ட் அனுப்புகிற நாள். நான் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மருந்தை விடாதே. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், கூட்டமாக இருக்கும். வீட்டிலேயே இரு. கதவைத் தட்டினால் நான்தான்.

உன் அக்கா